அந்த மாஸ்க் ஏன் மேலே போனது?

2021 நவம்பரில் பள்ளி மறுபடி திறந்தபோது, ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் முகத்தில் எனக்குப் பாதிதான் தெரிந்தது. ஒன்றரை வருஷம் வீட்டிலேயே இருந்துவிட்டு வந்திருந்தார்கள். பள்ளியும் புதுசு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் புதுசு. அந்த மாதம் குமரி மாவட்டத்தில் மழை வெள்ளம் வேறு. பள்ளி நடந்த நாளை விட லீவு விட்ட நாள்தான் அதிகம் என்று தோன்றியது. யார் யார் என்று பிடிபட எனக்கே நாளானது.

அப்புறம் ஒரு நாள் ஒன்றைக் கவனித்தேன். வகுப்பில் மாஸ்க்கை ஒழுங்காகப் போடுகிற பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. சிலருக்குத் தாடையில் தொங்கும், சிலருக்கு ஒரு காதில் ஆடும். ஆனால் ஒரு பிள்ளை நோட்டைத் திருத்த என் மேசைக்கு நடந்து வரும்போது, அவள் கடந்து வருகிற பெஞ்சுகளில் மட்டும் மாஸ்க் ஒவ்வொன்றாக மூக்குக்கு மேலே ஏறும். அவள் திரும்பிப் போய் உட்கார்ந்ததும் இறங்கிவிடும்.

அவள் கடப்புறத்திலிருந்து, அதாவது கடற்கரை ஊரிலிருந்து வருகிறவள். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா தலையில் சருவப் பாத்திரம் சுமந்து வீடுவீடாக மீன் விற்கிறவர். எங்கள் பள்ளி கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, ரப்பர் தோட்டங்களும் வாழைத் தோப்புகளும் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. கடப்புறத்துப் பிள்ளைகள் வகுப்புக்கு நாலைந்து பேர்தான். அந்த வருஷம் ஆறாம் வகுப்பில் அவர்களில் பெண்பிள்ளை அவள் ஒருத்திதான்.

யோசித்துப் பாருங்கள், நான் யாரைப் பிடித்து என்ன கேட்க முடியும்? "ஏன் மாஸ்க் போட்டாய்?" என்று கேட்க முடியுமா? போடச் சொன்னதே நாங்கள்தானே. சாப்பாட்டு நேரத்திலும் அவள் தண்ணீர்த் தொட்டிப் படியில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். அதற்கும் தள்ளி உட்காரச் சொன்ன கொரோனா விதி கைகொடுத்தது. 28 வருஷமாக அரசுப் பள்ளிகளில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். வகுப்பறைக்குள் வெறுப்பு கெட்ட வார்த்தையாகவும் அடிதடியாகவும் வருவதை நான் பார்த்தது குறைவு. பெரும்பாலும் யாரும் குறை சொல்ல முடியாத ஒரு விதிக்குப் பின்னால், ஒரு பழக்கத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொள்ளும். அதனால்தான் நமக்குக் கண்ணில் படாமல் போகிறது.

நான் முதலில் செய்தது பெரிய தப்பு. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது சரியில்லை.

அடுத்த நாள் பாடத்தை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் பேசினேன். எல்லோரும் சமம், தொழிலில் உயர்வு தாழ்வு கிடையாது, மீனைச் சாப்பிடுகிறோம், மீன்பிடிக்கிறவரை இழிவாக நினைக்கலாமா என்றெல்லாம் சொன்னேன். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது. அதோடு விட்டேனா? நாலு பையன்களை எழுப்பி அவளிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அவளையும் எழுந்து நிற்கச் சொன்னேன். அவர்கள் கேட்டார்கள். அவள் மேசையின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள்.

மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

வந்தபோது அவள்மீது பவுடர் மணம் தூக்கலாக இருந்தது. கழுத்தில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. மதியம் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். ரொம்ப நேரம் கழித்து ஒன்றே ஒன்று சொன்னாள். "டீச்சர், அடுத்த மீட்டிங்குக்கு எங்க அம்மா வரலைன்னா பரவாயில்லையா? பாட்டிய வரச் சொல்லட்டா?"

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் நான் செய்தது என்னவென்று புரிந்தது. அதுவரை பெஞ்சு பெஞ்சாக, சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்த ஒன்றை எடுத்து, முப்பத்தைந்து பேர் முன்னால் அவள் மேலே எழுதி ஒட்டிவிட்டேன். என்னிடம் யோசனை கேட்கிற இளம் ஆசிரியர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்: காயப்பட்ட பிள்ளையை நிறுத்தி வைத்து நியாயம் பேசாதீர்கள். முதலில் அந்தப் பிள்ளையிடம் தனியாகப் போய், "நான் பார்த்தேன், அது சரியில்லைன்னு எனக்கும் தெரியும், உனக்கு நான் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். சில பிள்ளைகள் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். இடத்தை மாற்றித் தரச் சொல்கிறவர்களும் உண்டு. அதைக் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் பக்கம் திரும்ப வேண்டும்.

நம் கண் முன்னால் ஒரு வார்த்தை விழுந்தால் அது வேறு. அதை அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும், ஆனால் சுருக்கமாக. நான் சொல்வது இவ்வளவுதான்: "மக்கா, அந்த வார்த்தை இந்த ரூமுக்குள்ள வேண்டாம். மதியம் என்னை வந்து பாரு." சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுவேன். சொன்ன பிள்ளைக்கு அவமானம் கிடையாது, கேட்ட பிள்ளையும் காட்சிப்பொருளாக ஆவதில்லை. டீச்சர் கண்டும் காணாமல் விடவில்லை என்பது வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும். மதியம் கட்டாயம் பார்க்க வேண்டும். மறந்துவிட்டால் அடுத்த முறை அந்த வார்த்தைக்கு மதிப்பு இருக்காது.

அந்த டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில் ஒரு சம்பவம் நடந்தது. பலருக்கு நினைவிருக்கும். மீன் விற்றுவிட்டு வீட்டுக்குப் போக அரசுப் பேருந்தில் ஏறிய வயதான அம்மாவை, நாற்றம் அடிக்கிறது என்று இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட வீடியோ மாநிலம் முழுக்கப் பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். மறுநாள் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் எல்லோரும் கோபப்பட்டோம். நானும்தான். கோபப்பட்டுக்கொண்டே என் வகுப்புக்குள் நடந்து போனேன். பெஞ்சில் மாஸ்க் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பேருந்தும் என் வகுப்பும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

செய்தித்தாளை வகுப்புக்கு எடுத்துப் போகலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எடுத்துப் போனால் மறுபடியும் முப்பத்தைந்து ஜோடிக் கண்கள் ஒரே பக்கம்தான் திரும்பும். மணத்தையே பாடமாக எடுத்தால் என்ன என்று தோன்றியது.

எல்லோருக்கும் ஒரே அளவில் வெட்டிய துண்டுச் சீட்டு கொடுத்தேன். "உங்கள் வீட்டில் என்ன மணம் இருக்கும்? வீட்டில் யார் என்ன வேலைக்குப் போகிறார்களோ அந்த மணத்தையும் எழுதலாம். பெயர் எழுத வேண்டாம். நான் வகுப்பில் வாசிக்கலாம் என்றால் மூலையில் டிக் போடுங்கள். வாசிக்கக் கூடாது என்றால் ஒன்றும் போட வேண்டாம்." இந்த டிக் முக்கியம். பெயர் இல்லாவிட்டாலும் சில சீட்டுகள் யாருடையது என்று வாசித்ததுமே தெரிந்துவிடும். வாசிக்கலாமா வேண்டாமா என்பது பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.

அன்றைக்கு வந்ததில் சிலவற்றை எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பால் வெட்டுவது என்றால் ரப்பர் மரத்தில் பால் எடுப்பது, அது உறைந்து ஒட்டிக்கொண்டால் ஒட்டுப்பால். அண்டி ஆபீஸ் என்றால் முந்திரி ஆலை, கதம்பல் என்றால் தேங்காய் மட்டை. "அப்பா பால் வெட்டப் போவாங்க. சட்டையில ஒட்டுப்பால் நாத்தம், எத்தனை தடவை துவைச்சாலும் போகாது." "அம்மா அண்டி ஆபீஸ் போறாங்க. கை கறுப்பா இருக்கும். எண்ணெய் மணம்." "எங்க வீட்டுக்குப் பின்னாடி கதம்பல் அழுகப்போடுற குளம். சொந்தக்காரங்க வந்தா மூக்கைப் பொத்துவாங்க." "பெயிண்ட்." "அப்பா கல்ஃப்ல. வந்தா சென்ட் மணம். ரெண்டு வருஷமா இல்ல." அப்புறம் ஒன்று: "உப்பு மணம். அப்பா வந்தாத்தான் அந்த மணம் வரும்." மூலையில் டிக் இருந்தது.

வாசிக்கும்போது முதலில் சிரித்தார்கள். ஒட்டுப்பால் சீட்டுக்குப் பலமான சிரிப்பு. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த நாற்றம் தெரியும். கல்ஃப் சீட்டுக்குச் சிரிப்பு நின்றது. உப்பு மணத்தை வாசித்தபோது சத்தமே இல்லை. ஒக்கிப் புயல் அடித்தது 2017 நவம்பர் 30. இந்தப் பிள்ளைகளுக்கு அப்போது ஏழு வயசு இருக்கும். கடலுக்குப் போனவர்கள் திரும்பாததும், ரயிலையும் சாலையையும் மறித்து ஜனங்கள் உட்கார்ந்திருந்ததும் உள்நாட்டுப் பிள்ளைகளுக்கும் நினைவில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அறிவியலுக்கு வந்தேன். கடல் மீனின் உடம்பில் மணமில்லாத ஒரு பொருள் இருக்கிறது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை டிரைமெத்தில் அமீனாக மாற்றும். அதுதான் நாம் சொல்கிற மீன் நாற்றம். அது காரத்தன்மை உள்ளது, அம்மோனியாவுக்குச் சொந்தம். அமிலம் பட்டால் உப்பாக மாறி, ஆவியாகிப் பறக்காமல் அடங்கிவிடும். வீட்டில் மீன் கழுவும்போது புளித்தண்ணியும் எலுமிச்சையும் எதற்கு, குழம்பில் மாங்காய் எதற்கு என்று கேட்டேன். கைகள் தூக்கிக்கொண்டு வந்தன. அப்படியென்றால், கடலிலிருந்து அப்போதுதான் கரைக்கு வந்த மீன் நாறுமா? "நாறாது" என்று அவள்தான் சொன்னாள். கையைத் தூக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "கண்ணு பளபளன்னு இருக்கும். செவுளு சிவப்பா இருக்கும். விரலால அமுக்குனா குழி விழாது. ஐஸ்ல வச்சு நாளாக்கினாத்தான் நாறும்." பக்கத்துப் பெஞ்சுப் பையன் ஒருவன், சந்தையில் அவன் அம்மா ஏமாந்த கதையைச் சொல்லி, "செவுளுல சாயம் பூசுவாங்களாமே, உண்டா?" என்று கேட்டான். அவள் கழுத்தைத் திருப்பி அவனுக்குப் பதில் சொன்னாள். அந்த வகுப்பில் அவள் இன்னொரு பிள்ளையோடு பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாஸ்க் மெதுவாகத்தான் இறங்கியது. இரண்டு பையன்கள் மாறவே இல்லை. ஒருவனிடம் தனியாகக் கேட்டபோது, "எங்க அம்மா அவங்க பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க" என்றான். இந்த இடத்தில் பல ஆசிரியர்கள் தடுமாறுவார்கள். அம்மா சொன்னது தப்பு என்று பதினொரு வயசுப் பிள்ளையிடம் சொன்னால் அவன் அம்மா பக்கம்தான் நிற்பான், நிற்கவும் வேண்டும். நான் சொன்னது: "வீட்டுல என்ன சொன்னாங்கன்னு நான் கேக்கல மக்கா. இந்த ரூமுக்குள்ள எப்படி இருக்கணும்னு சொல்றேன். இங்க பெஞ்சு எல்லாருக்கும்." அவன் அம்மாவிடம் பிறகு பேசினேன். அவர் மறுத்தார், கோபப்பட்டார், நான் சொன்னதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. ஆனால் பையன் பெஞ்சு மாறி உட்கார்ந்தான்.

பெஞ்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உட்காருகிற இடத்தைப் பிள்ளைகளிடம் விட்டால் ஊர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே வகுப்பும் பிரிந்துகொள்ளும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், கூடப் படிக்கிற மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு, அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொல்லியிருந்தார்கள். நல்ல யோசனை. ஆனால் வருஷம் முழுக்க ஒரே ஆள் பக்கத்தில் என்றால், பிடிக்காத இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் சிக்கல். நான் அகர வரிசையில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரிசையை நகர்த்துகிறேன். கண் பார்வை குறைந்த பிள்ளைக்கும் காது கேட்காத பிள்ளைக்கும் மட்டும் முன்னால் நிரந்தர இடம். "டீச்சர்தான் மாத்துனாங்க" என்று வீட்டில் சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கிறது. நல்லதுக்கும் ஒரு விதியின் மறைவு தேவைப்படுகிறது.

அந்த அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. அதை வாசித்தபோது என் முகம் சுட்டது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை விஷயத்தைப் பிள்ளைகளிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எப்படிச் செய்தேன் தெரியுமா? வகுப்பு வாசலில் நின்று பட்டியலைப் பார்த்து, "எஸ்சி, எஸ்டி எல்லாம் எந்திரிங்க, பேங்க் பாஸ்புக் நாளைக்குக் கொண்டு வரணும்" என்பேன். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. சீக்கிரம் வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். எழுந்து நிற்கிற பிள்ளைகளை மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அதுவரை தெரியாதவர்களுக்கும் நான்தான் தெரிய வைத்தேன். புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல் என்று அச்சடித்திருக்கும். அதே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன்.

இப்போது எல்லாப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிடுகிறேன். ஒருவனிடம் ஆதார் பற்றிப் பேசுவேன், ஒருத்தியிடம் கண்ணாடி போடாததைப் பற்றி, இன்னொருவனிடம் உதவித்தொகை பற்றி. நாற்பது நிமிஷம் போகும். போகட்டும்.

ஆசிரியர் ஓய்வறைப் பேச்சும் இதில் சேர்ந்ததுதான். குலசேகரம் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தபோது, மலையிலிருந்து ஒரு காணிப் பழங்குடிப் பையன் வந்துகொண்டிருந்தான். "மலையில இருந்து வர்றதுங்களுக்குக் கணக்கு ஏறாது, எட்டோட நின்னுரும்" என்று அறையில் பேசிக்கொள்வோம். எதிர்த்து நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் கணக்கு நோட்டைத் திருத்தும்போது, மற்ற பிள்ளைகளுக்கு எழுதுகிற மாதிரி 'இதை மறுபடி செய்' என்று எழுதாமல், சிவப்புக் கோடு மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். எட்டோடு நின்றுவிட்டான். நாங்கள் சொன்னது பலித்தது என்றுகூட ஒருவர் சொன்னார். அந்தப் பையனுக்கு என்னால் இனி ஒன்றும் செய்ய முடியாது. "அவங்க அப்படித்தான்" என்று யாராவது ஓய்வறையில் ஆரம்பித்தால், "எந்தப் பிள்ளை சார்? பேரைச் சொல்லுங்க, என்ன செய்யலாம்னு பாப்போம்" என்று கேட்கப் பழகியிருக்கிறேன். ஒரு பேர் வந்தவுடனே பேச்சின் போக்கு மாறிவிடுகிறது.

1982-இல் நான் ஏழாம் வகுப்பு. மார்ச் மாதம் மண்டைக்காட்டில் மதக் கலவரம். அது கடற்கரை ஊர்களிலும் உள்ளேயும் பரவியது. எங்கள் பள்ளியையும் கொஞ்ச நாள் பூட்டினார்கள். திறந்தபோது, அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து என் ரிப்பனை இழுத்து விளையாடிய தோழி இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவள் வேறு மதம். வகுப்பு முழுக்க அப்படிப் பிரிந்திருந்தது. யார் யாரைப் போகச் சொன்னார்கள் என்று தெரியாது. ஒரு ஆசிரியர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் வளரும் என்று பெரியவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் வீட்டு மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன் கறியும் என் பாத்திரத்துக்கு வராமல் நின்றது. எங்களுக்குள் சண்டையே நடக்கவில்லை, அதனால் சமாதானமாகவும் வழியில்லாமல் போனது. பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தோம். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

அதனால் மதம் என்கிற பேச்சை வகுப்பில் தவிர்ப்பது நல்லது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. எப்படிப் பேசுவது என்பதுதான் கேள்வி. நம் மாவட்டத்தில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது, உள்ளூர் விடுமுறைகள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3 லீவு, மண்டைக்காடு கொடைக்கு லீவு, அய்யா வைகுண்டர் அவதார தினத்துக்கு லீவு, சிவராத்திரிக்கு லீவு. முந்தின நாள் கடைசிப் பாடவேளையில், நாளைக்கு எதற்கு லீவு என்று ஒரு பிள்ளை சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் திருவிழா யாருடையதோ அவர்கள் சொல்லக் கூடாது. வேறு வீட்டுப் பிள்ளை, கூடப் படிக்கிறவரிடம் கேட்டு வந்து சொல்ல வேண்டும்.

ஒரு சிவராத்திரிக்கு முந்தின நாள், தேவாலயத்தில் பாட்டுப் பாடுகிற ஒரு பிள்ளை சிவாலய ஓட்டத்தைப் பற்றிச் சொன்னாள். முஞ்சிறை திருமலையில் ஆரம்பித்துத் திருநட்டாலத்தில் முடிகிற பன்னிரண்டு கோயில்கள். "சிவன் கோயிலுக்கு ஓடுறவங்க ஏன் கோவிந்தா கோபாலான்னு கூப்பிடுறாங்கன்னு எனக்குச் சந்தேகம். அவன்கிட்ட கேட்டேன், அவனுக்குத் தெரியல. அவன் தாத்தாகிட்ட கேட்டுச் சொன்னான்" என்று ஆரம்பித்தாள். பாதி மனிதன், பாதி மிருகமான சிவபக்தன் புருஷாமிருகம் கோவிந்தா என்ற பேரைக் கேட்டாலே சீறும். பீமன் அந்தப் பேரைச் சொல்லிச் சீண்டிவிட்டு ஓடுகிறான். துரத்தி வரும்போது ஒவ்வொரு ருத்ராட்சமாகக் கீழே போடுகிறான். விழுந்த இடத்திலெல்லாம் லிங்கம். மிருகம் நின்று கும்பிட்டுவிட்டு மறுபடி துரத்துகிறது. அவள் பீமன் மாதிரி மூச்சு வாங்கிக் காட்டினாள். அந்தத் தாத்தா வீட்டுக்கு இவள் போய் உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறாள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

சாமிதோப்புக்கும் ஒருமுறை கூட்டிப் போனோம். அங்கே அய்யா வைகுண்டரின் தலைமை வழிபாட்டிடமான தலைப்பதியைப் பார்த்துவிட்டு முத்திரிக்கிணற்றடியில் பிள்ளைகளை நிறுத்தினேன். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும், தோளில் துணி போடவும் இந்த மண்ணில் பாதிப் பேருக்கு அனுமதி இல்லாத காலத்தில், எல்லோரும் சேர்ந்து குளிக்க வேண்டும் என்று அய்யா வைகுண்டர் ஏற்படுத்திய கிணறு அது. அவர் காலம் 1809 முதல் 1851 வரை. தோள்சீலைக்குத் திருவிதாங்கூர் மகாராஜாவின் அனுமதி வந்தது 1859-இல், கோயில்கள் எல்லோருக்கும் திறந்தது 1936-இல் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு பையன் கேட்டான்: "தண்ணி எடுக்க விடாதவங்க யாரு டீச்சர்? அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

தயாராக இல்லாத கேள்வி. சில பிள்ளைகளின் கண்கள் வேறு சில பிள்ளைகள் மேல் போவதைப் பார்த்தேன். மழுப்பினால் அது பொய். சாதிப் பேரைச் சொல்லிக் கையைக் காட்டினால் அந்த வேனில் வந்த பிள்ளைகளையே குற்றவாளி ஆக்குவது. "ஒரு ஆள் இல்ல மக்கா. சட்டமும் ராஜாவும் ஊரும் சேர்ந்து தடுத்தாங்க. தடுத்தவங்களோட பேரப்பிள்ளைகளும் தடுக்கப்பட்டவங்களோட பேரப்பிள்ளைகளும் இப்ப இந்த ஊர்ல, நம்ம வேன்லயும் இருக்காங்க. அன்னைக்கு நடந்ததுக்கு நீங்க யாரும் பொறுப்பில்ல. நாளைக்கு நம்ம வகுப்புல நடக்கிறதுக்கு நாம எல்லாரும் பொறுப்பு" என்றேன். சரியான பதிலா என்று இன்னும் யோசிக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

இரண்டு சின்ன வேலைகளை விடாமல் செய்கிறேன். ஒன்று, மாதம் ஒருமுறை மதியச் சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நோட்டில் வட்டம் போட்டு வைப்பது. ஐந்து நிமிஷ வேலை, பிள்ளைகளுக்குத் தெரியாது. மூன்று மாதத்துப் படங்களைச் சேர்த்துப் பார்த்தால் தனியாக நிற்கிற புள்ளி கண்ணில் குத்தும். போன வருஷம் அந்தப் புள்ளி, கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரரின் மகன். அவனுக்கு நல்ல தமிழ் வந்துவிட்டது, ஆனால் கூப்பிடுவது 'பெங்காலி' என்றுதான். அவன் பேரைச் சரியாக உச்சரிக்க நானே முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்னொன்று, 'மாணவர் மனசு' பெட்டி. அரசு கொடுத்தது, நல்ல ஏற்பாடு. ஆனால் தலைமை ஆசிரியர் அறை வாசலில் இருந்தால் எந்தப் பிள்ளை போய்ச் சீட்டுப் போடும்? போடுகிறவரை எல்லோரும் பார்ப்பார்களே. எங்கள் வகுப்பில் வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒரு சீட்டு போட வேண்டும். சொல்ல ஒன்றுமில்லை என்றால் வெற்றுச் சீட்டு. முப்பது சீட்டு வெறுமையாக வரும். எழுதிய ஒன்றிரண்டு அதில் ஒளிந்துகொண்டு வரும்.

எல்லாவற்றையும் வகுப்புக்குள்ளேயே தீர்த்துவிடலாம் என்று நினைக்கவும் கூடாது. அடி, மிரட்டல், சாதிப் பேரைச் சொல்லி வசவு, ஒரு பிள்ளையின் படத்தை வைத்து வாட்ஸ்அப்பில் கேலி என்று வந்தால், இரண்டு பக்கப் பெற்றோரையும் உட்கார வைத்துச் சமரசம் பேசி அனுப்புவது பழைய பழக்கம். அந்தச் சமரசத்தில் எப்போதும் எளிய பக்கம்தான் விட்டுக்கொடுக்கும். எழுத்தில் புகார் வாங்குங்கள், தேதி போட்டுக் குறித்து வையுங்கள், மேலே தெரிவியுங்கள். பிள்ளைகளுக்குக் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 என்ற இரண்டு எண்களும் மனப்பாடமாக இருக்கட்டும். 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பள்ளி வாசலோடு நின்றுவிடுவதில்லை.

அந்தக் கடப்புறத்துப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு. இந்த வருஷம் பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா வந்தார். விற்றுவிட்டு நேராக வந்திருப்பார் போலிருக்கிறது. சருவத்தை வெளியே கேட் ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "இருக்கட்டும் டீச்சரே, நிக்கேன்" என்றார். நான் மார்க் லிஸ்ட்டை எடுப்பதற்குள் மகள் வகுப்பிலிருந்து இறங்கி வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் வெளியே போய், சருவத்தை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் நின்றுகொண்டிருந்த வராந்தா வழியாக நடந்து வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நிழலில் இறக்கி வைத்தாள்.

"வெயிலில ஐஸ் உருகுதும்மா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர், சாளை இருக்கு. காலையில வந்தது, செவுளப் பாருங்க" என்றாள். நூறு ரூபாய்க்கு வாங்கினேன்.